இன்னொரு காவலூர்க்காரர்

காவலூர்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? நம்ம ஜவ்வாது மலைதானே. வைணு பாப்பு வானாய்வகம், 2.34 மீட்டர் தொலைநோக்கி, சனிக்கிழமை ராத்திரி ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு வரிசையில நிக்கிறது. ஆனா இன்னொரு காவலூரும் இருக்கு. யாழ்ப்பாணத்துக்கு மேற்கே தீவுப்பகுதியில் உள்ள ஊர்காவற்றுறையைத்தான் சுருக்கமாகக் காவலூர்னு சொல்வாங்க. அதை ஒட்டிய கரம்பன் என்ற ஊரில் 1913 ஆகஸ்ட் 2-ம் தேதி பிறந்தவர் தனிநாயகம் அடிகள்.

உலகத் தமிழ் மாநாட்டைத் தொடங்கியவர் என்று பொது அறிவுப் புத்தகங்கள் இவரை ஒரே வரியில் முடித்துவிடும். டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிறவங்களுக்கு அந்த ஒரு வரி போதும். எனக்குப் போதவில்லை. ஏன்னா, இவர் ஆரம்பத்தில் தமிழ் ஆளே கிடையாது.

யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் ஆங்கிலத்தில் படிப்பு. பிறகு கொழும்பில் குருத்துவப் படிப்பு. 1934-ல் ரோம். அங்கே அவர் எடுத்த ஆய்வுத் தலைப்பைக் கேளுங்க: ரோமப் பேரரசின் கீழ் இருந்த கார்த்தேஜ் நகரத்தில், மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிறிஸ்தவக் குருமார்கள். லத்தீன் மூலங்களைப் புரட்டி எழுதின திருச்சபை வரலாறு அது. இத்தாலியன், பிரெஞ்சு, போர்த்துக்கீசியம், ஸ்பானிஷ், ஜெர்மன் எல்லாம் வசப்பட்டது. சங்க இலக்கியம் மட்டும் வசப்படவில்லை.

1938-ல் குருப்பட்டம். 1940-ல் நெல்லைச் சீமையில் இருக்கும் வடக்கன்குளத்துக்கு, புனித தெரசாள் பள்ளியில் வேலை பார்க்க வந்தார். வயது 27. நல்ல தமிழ் பேசவே திணறியவர் அங்கேதான் ஒரு பண்டிதரிடம் உட்கார்ந்து முறையாகத் தமிழ் படிக்க ஆரம்பித்தார். பிளஸ் டூ வரைக்கும் இங்கிலீஷ் மீடியத்தில் படிச்சுட்டு, புறநானூற்றை உரை இல்லாமல் தொடப் பயப்படுகிற நம்மைப் போன்றவங்க இந்த 27-ஐக் கொஞ்சம் கவனிக்கணும். 1945-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. தமிழுக்குச் சேர்ந்தார். அடுத்து எம்.லிட்.டுக்குச் சங்கப் பாடல்களில் இயற்கை என்பதை எடுத்துக்கொண்டார். அந்த ஆய்வு பின்னால் ஆங்கிலத்தில் புத்தகமாகவும் வந்தது.

இங்கே கதை மறுபடி ஐரோப்பாவுக்குத் திரும்புகிறது. 16-ம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்த போர்த்துக்கீசியப் பாதிரியார்களுக்குத் தமிழில் ஜெபம் சொல்லித்தர வேண்டியிருந்தது. அதனால் 1554-ல் லிஸ்பனில் ஒரு சின்னப் புத்தகம் அச்சானது. தமிழ் வாசகங்கள், ஆனால் ரோமன் எழுத்தில். இன்னைக்கு நாம வாட்ஸ்அப்ல அடிக்கிற தங்கிலீஷுக்கு முப்பாட்டன்னு வெச்சுக்கோங்க. கறுப்பு, சிவப்பு என இரண்டு நிற மையில் அச்சடித்திருக்கிறார்கள். மூன்று தமிழர்கள் மொழிபெயர்ப்பில் உதவினார்கள். ஆனால் நமக்குக் கிடைப்பதெல்லாம் ஞானஸ்நானம் பெற்ற அவர்களுடைய போர்த்துக்கீசியப் பெயர்கள்தான்.

அடுத்து 1578-ல் கொல்லத்தில் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் பாதிரியார் தமிழ் எழுத்திலேயே ‘தம்பிரான் வணக்கம்’ அச்சிட்டார். 16 பக்கம்தான். இந்திய மொழி ஒன்று தன் சொந்த எழுத்தில் அச்சேறியது அதில்தான். அதன் பிரதி ஒன்றுகூட நம் மண்ணில் மிஞ்சவில்லை. ஒரே ஒரு பிரதி அமெரிக்காவில் ஹார்வர்டில் இருக்கிறது.

ஐரோப்பிய நூலகங்களுக்குப் போன பிரதிகள் பிழைத்துக்கொண்டன. ஆனால் தேடுவது லேசுப்பட்ட வேலை இல்லை. போர்த்துக்கீசியர் தமிழை ‘மலபார்’ மொழி என்றார்கள். தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு லிஸ்பன், ரோம் ஆவணங்கள் புரியாது. போர்த்துக்கீசியமும் லத்தீனும் மட்டும் தெரிந்தவருக்கு அந்தத் தமிழ்ப் பக்கத்தின் அருமை தெரியாது. இரண்டும் தெரிந்த அடிகள் 1950-களில் இந்த நூலகங்களுக்குள் போனார். 1954-ல் வத்திக்கான் நூலகத்தில் அந்தாம் தெ ப்ரொயன்சா தொகுத்த தமிழ்–போர்த்துக்கீசிய அகராதி அவர் கண்ணில் பட்டது. ப்ரொயன்சா 1666-லேயே இறந்துவிட்டார். அவர் உழைப்பு 1679-ல்தான் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சானது.

அதற்கு முன் நம்மிடம் இருந்தவை நிகண்டுகள், அதாவது மனப்பாடம் செய்ய வசதியாகச் செய்யுளில் கட்டிய சொல் தொகுப்புகள். இதுவோ அகர வரிசை. அதுவும் புலவர்களின் சொற்கள் மட்டுமல்ல, 17-ம் நூற்றாண்டு ஆட்கள் வாயில் புழங்கின சொற்களும் உள்ளே உண்டு. அந்தக் கால அச்சில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது, எ–ஏ, ஒ–ஓ வித்தியாசமும் கிடையாது. தமிழ் ஓ.சி.ஆர். ப்ராஜெக்ட் பண்றவங்க உங்க மாடலை ஒருமுறை இதில் ஓட்டிப் பாருங்க. அடிகள் இந்த அகராதியை அப்படியே நிழற்பதிப்பாக 1966-ல் கோலாலம்பூரில் வெளியிட்டார். என்னைக் கேட்டால், மாநாடுகளைவிட அவருடைய பெரிய வேலை இதுதான்.

ஒரு விஷயம் சொல்லணும். அச்சு வரலாற்றை மட்டும் படித்தால், போர்த்துக்கீசியர் ஏதோ புத்தகம் போட வந்த நல்லவங்க மாதிரி தெரியும். யாழ்ப்பாணத்தைப் பிடித்து நல்லூர் கந்தசாமி கோயிலை இடித்ததும் அவர்கள்தான். இரண்டையும் சேர்த்தே வாசிங்க.

மற்றதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1952 முதல் ‘தமிழ் கல்ச்சர்’ என்ற ஆங்கிலக் காலாண்டிதழை நடத்தினார். தமிழ் பற்றி வெளிநாட்டு அறிஞர்கள் எழுதவும் சண்டை போடவும் அது ஒரு இடம். இலங்கையில் 1956-ல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபோது எதிர்த்துப் பேசினார். 1961-ல் மலாயாப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1964 ஜனவரியில் டெல்லியில் கீழ்த்திசை ஆய்வாளர்களின் உலக மாநாடு நடந்தபோது, அங்கே வந்திருந்தவர்களைக் கூட்டி உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தைத் தொடங்கினார். முதல் மாநாடு 1966-ல் கோலாலம்பூரில். இரண்டாவது 1968-ல் சென்னையில், ஊர்வலம், அலங்கார வண்டிகளோடு. கட்டுரை வாசிக்கிற கூட்டம் திருவிழாவானது அங்கேதான். அது எனக்கு முழுசாப் பிடிக்கலை. ஆனா அந்தத் திருவிழா இல்லாமல் மெரினாவில் அத்தனை சிலைகள் வந்திருக்காது. 1970-ல் பாரிஸ்.

1974 ஜனவரியில் நான்காவது மாநாடு யாழ்ப்பாணத்தில், அவருடைய சொந்த மண்ணில் நடந்தது. கடைசி நாள் பொதுக்கூட்டத்தில் போலீஸ் புகுந்தது. உயிர்கள் போயின.

1980 செப்டம்பர் 1-ம் தேதி அடிகள் யாழ்ப்பாணத்தில் காலமானார். சரியாக ஒன்பது மாதம் கழித்து, 1981 ஜூன் தொடக்கத்தில், யாழ்ப்பாணப் பொது நூலகத்தைக் கொளுத்தினார்கள். ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் எரிந்துபோயின. அவற்றில் பலவற்றுக்கு வேறு எங்கேயும் பிரதி இல்லை.