காஞ்சி தந்த வள்ளல் பச்சையப்பர்

நம் காஞ்சிக் குடும்பம் ஒன்றில் 1754-ஆம் ஆண்டு பிறந்தவர் பச்சையப்ப முதலியார். பிறக்குமுன்பே தந்தையை இழந்தவர். சென்னையில் துபாஷியாகப் பெரும்பொருள் ஈட்டினார்; கோயில் பூஜைக்கும் தருமங்களுக்கும் உயில் எழுதிவைத்து 1794-இல் திருவையாற்றில் காலமானார். பணமோ நெடுங்காலம் வழக்கில் சிக்கிற்று. கோயில் தருமம் போக மிஞ்சியதை என்ன செய்வது? ஏழைப் பிள்ளைகளின் கல்வியும் தருமமே என்று முடிவாகி, 1842-இல் சென்னையில் பள்ளி திறந்தது, பிறகு காஞ்சியிலும். அறிஞர் அண்ணா பயின்றது இங்கேதான்.

வள்ளலின் எண்ணத்தையே மாற்றிவிட்டார்கள் என்பாரும் உண்டு. தந்தையின்றி வளர்ந்த அன்னார் மறுத்திருக்கமாட்டார் என்றே நாம் எண்ணுகிறோம். சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் 1947 வரை இந்து மாணவருக்கே இடமிருந்தது. குறைசொல்லுமுன், நம் பள்ளிகள் யாரை வாசலிலே நிறுத்தின என்பதையும் எண்ணிக்கொள்வோம். அவ்வாண்டுதான் அக்கதவு எல்லோருக்கும் திறந்தது.