பந்து மாறியது, நிலமும் மாறியது

2022 ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரவு பதினோரு மணியைக் கடந்திருந்தது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்தில் நடைபெற்ற 150-ஆவது ஓபன் கோல்ஃப் போட்டியின் இறுதிச் சுற்றைத் தொலைக்காட்சியில் பார்த்துக் கொண்டிருந்தேன். ஆஸ்திரேலியாவின் கேமரன் ஸ்மித் நான்கு சுற்றுகளையும் 268 அடிகளில் முடித்துக் கோப்பையை வென்றார். மைதானத்துக்கென வகுக்கப்பட்ட கணக்கைவிட அது 20 அடிகள் குறைவு. உலகின் மிகப் பழைமையான கோல்ஃப் மைதானம் அன்று அத்தனை எளிதாகப் பணிந்துவிட்டது எனக்குச் சற்று வருத்தமாகவே இருந்தது.

என் மனதில் தங்கிப்போனது கடைசிக் குழிதான். அதன் நீளம் ஏறத்தாழ 357 கெஜம். டைட்டானியத் தலையும் கரியிழைக் கோலும் கொண்ட மட்டையால் ஓங்கி அடித்து, அந்தத் தொலைவை ஒரே வீச்சில் கடந்து, குழியைச் சூழ்ந்த புல்தரைக்கே பந்தை அனுப்பினார்கள் சில வீரர்கள். அந்தப் பதினெட்டாம் குழிக்கு டாம் மாரிஸ் என்று பெயர். யார் அவர் என்று தேடிப் படிக்கத் தொடங்கியது அந்த இரவில்தான். கருவி பெரிதா, நிலம் பெரிதா என்று இன்று கோல்ஃப் உலகில் நடக்கும் வழக்கு முழுவதும் அந்த ஒரு மனிதரின் வாழ்க்கைக்குள்ளேயே ஒருமுறை நடந்து முடிந்திருக்கிறது.

1821 ஜூன் 16 அன்று செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் ஒரு கைத்தறி நெசவாளியின் மகனாகப் பிறந்தார் டாம் மாரிஸ். விசைத்தறிகளின் வருகையால் கைத்தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்துகொண்டிருந்த காலம் அது. பதின்ம வயதில் ஆலன் ராபர்ட்சன் என்பவரிடம் தொழில் கற்கச் சேர்ந்தார். ராபர்ட்சன் தலைமுறை தலைமுறையாகப் பந்து செய்யும் குடும்பத்தில் வந்தவர். அக்காலத்தின் தலைசிறந்த ஆட்டக்காரரும் அவரே.

அவர்கள் செய்தது இறகுப் பந்து. தோல் துண்டுகளை மூட்டித் தைத்து, சிறிய துவாரம் ஒன்றை மட்டும் விட்டு, வேகவைத்த இறகுகளை அதன் வழியே இரும்புக் கோலால் திணிக்க வேண்டும். ஒரு பந்துக்கு ஓர் உயரத் தொப்பி நிறைய இறகு தேவைப்படும். ஈரம் உலரும்போது தோல் சுருங்கும், உள்ளே இறகு விரியும். பந்து கல்லைப்போல் இறுகிவிடும். கோலை மார்பில் அழுத்தித் திணிக்கும் வேலை அது. இறகுத் தூசி நுரையீரலைப் பாழாக்கும். நாள் முழுதும் உழைத்தாலும் தேர்ந்த கைக்கு மூன்று நான்கு பந்துகளுக்கு மேல் முடியாது. ஆகவே விலையும் அதிகம். மழையில் நனைந்தால் பந்து கனத்துப்போகும். இரும்பு மட்டையின் விளிம்பு பட்டால் தையல் பிளந்துவிடும். அந்நாளைய ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் மரத் தலை மட்டைகளையே வைத்திருந்ததற்கு இந்தப் பந்தும் ஒரு காரணம்.

1840-களின் பிற்பகுதியில் கட்டா பெர்ச்சா வந்தது. மலாய் நாட்டுக் காடுகளில் வளரும் ஒரு மரத்தின் பால் அது. இன்றும் பல் மருத்துவர்கள் வேர்ச் சிகிச்சையில் நிரப்புவது அதைத்தான். கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையானதும் அதுவே. கீழை நாட்டிலிருந்து செயின்ட் ஆண்ட்ரூஸுக்கு அனுப்பப்பட்ட ஒரு விஷ்ணு சிலை உடையாமலிருக்க இந்தப் பொருளைச் சுற்றி வைத்திருந்தார்கள் என்றும், சிலையைப் பெற்ற வீட்டு இளைஞர் அதை உருட்டி முதல் பந்தைச் செய்தார் என்றும் கோல்ஃப் வரலாறுகளில் ஒரு கதை வழங்குகிறது. கதை உண்மையோ அல்லவோ, பொருளின் குணம் உண்மை. வெந்நீரில் இட்டால் இளகும், கையால் உருட்டலாம், ஆறினால் இறுகும். உடைந்தால் மீண்டும் இளக்கி உருட்டிக்கொள்ளலாம். நாளெல்லாம் மார்பு நோக உழைத்துச் செய்ததைச் சில நிமிடங்களில், மிகக் குறைந்த செலவில், தொழில் அறியாதவரும் செய்துவிட முடியும்.

ராபர்ட்சன் அதை வெறுத்தார். தன் கண்ணில் பட்ட புதிய பந்துகளை விலைக்கு வாங்கி எரித்தார் என்று சொல்வார்கள். தன்னிடம் பணிபுரிபவர்கள் அந்தப் பந்தைத் தொடக்கூடாது என்பது அவருடைய கட்டளை. ஒருநாள் ஆட்டத்தின் நடுவே டாமிடமிருந்த இறகுப் பந்துகள் தீர்ந்துவிட்டன. உடன் ஆடியவர் ஒரு கட்டா பெர்ச்சா பந்தைக் கொடுத்தார். டாம் அதைக்கொண்டே ஆட்டத்தைத் தொடர்ந்தார். எதிர்த்திசையில் ஆடிக்கொண்டு வந்த ராபர்ட்சனின் காதில் அந்தச் செய்தி விழுந்தது. இருவருக்கும் வாக்குவாதம் முற்றியது. 1849-இல் டன் சகோதரர்களை எதிர்த்து 400 பவுண்டு பந்தய ஆட்டத்தில் தோளோடு தோள் நின்று வென்ற இருவர், ஒரு பந்தின் பொருட்டுப் பிரிந்தார்கள்.

ராபர்ட்சனைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. தன் வீட்டு அடுப்பை அந்தப் பந்து அணைத்துவிடும் என்று அவர் அஞ்சியது நியாயமான அச்சம். பின்னாளில் அவரும் புதிய பந்தையே செய்யத் தொடங்கினார் என்பது வேறு செய்தி. ஆனால் டாமின் நிலையை எண்ணிப் பாருங்கள். அவருக்கும் சோறு போட்டது இறகுப் பந்துதான். இன்றைய தொழில்முறை வீரர் ஒரு மட்டையையோ பந்தையோ தேர்ந்தெடுக்கும்போது, பின்னணியில் நிறுவன ஒப்பந்தம் இருக்கும், பெருந்தொகை இருக்கும். டாம் மாரிஸுக்கு அந்தத் தேர்வால் கிடைத்தது வேலையிழப்பு.

1851-இல் மேற்குக் கரையிலுள்ள ப்ரெஸ்ட்விக்கில் புதிதாகத் தொடங்கிய சங்கத்தின் மைதானக் காப்பாளராகச் சென்றார். கையில் குழந்தை. நான்கு வயதில் இறந்துபோன மூத்த மகனின் பெயரையே அதற்கும் வைத்திருந்தார்கள்: டாம். அந்தக் குழந்தை பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ப்ரெஸ்ட்விக்கில் மணல்மேடுகளுக்கு இடையே பன்னிரண்டு குழிகளை டாம் அமைத்தார். மொத்த நீளம் 3,799 கெஜம். முதல் குழி மட்டுமே 578 கெஜம். பந்தோடு பிணங்கி ஊரைவிட்டுப் போனவர், அந்தப் பந்துக்கு ஏற்ற நிலத்தைச் செய்தார் என்று நான் இதைப் படிக்கிறேன். 1860-இல் அங்கேதான் முதல் ஓபன் போட்டி நடந்தது. எட்டே பேர் ஆடினார்கள். வில்லி பார்க்கிடம் இரண்டு அடிகள் வித்தியாசத்தில் டாம் இரண்டாம் இடம் பெற்றார். பிறகு 1861, 1862, 1864, 1867 என நான்கு முறை வென்றார். 1862-இல் அவர் வென்ற வித்தியாசம் 13 அடிகள். 2000-இல் அமெரிக்க ஓபனில் டைகர் வுட்ஸ் 15 அடிகளில் வெல்லும்வரை பெரும்போட்டிகளில் அந்தச் சாதனை அசையவில்லை. 1867-இல் வென்றபோது அவருக்கு வயது 46. அதற்கு மேற்பட்ட வயதில் ஓபன் வென்றவர் இன்றுவரை எவருமில்லை.

அடுத்த ஆண்டு அவரைத் தோற்கடித்தது சொந்த மகன். டாமி என்று ஊர் அழைத்த இளைய டாம் மாரிஸுக்கு அப்போது வயது 17. தொடர்ந்து 1869, 1870-இலும் அவரே வென்றார். பரிசாக வைத்த வார்ப்பட்டையை மூன்று முறை வென்றதால் அது அவருக்கே உரிமையானது. 1871-இல் போட்டி நடக்கவில்லை. 1872-இல் நடந்தபோது மீண்டும் அவரே வென்றார். தந்தை விதித்த நிலத்தை மகன் கருவியால் வென்ற கதை இது. வண்டித் தடத்தில் சிக்கிய பந்தை மீட்பதற்கென்றே இருந்த சிறிய இரும்பு மட்டையை எடுத்து, பந்தை உயரத் தூக்கிக் குழியருகே விழுந்தவுடன் நிற்கும்படி அடித்தார் டாமி. தோல் பந்தாக இருந்திருந்தால் இரும்பு அதைக் கிழித்திருக்கும். 1870-இல் தந்தை அமைத்த 578 கெஜ முதல் குழியை மூன்றே அடிகளில் முடித்தார். ஹிக்கரி மரக் கோலும் மரப்பால் உருண்டையும் கொண்டு! டைட்டானியக் காலத்து அடிகளைக் கண்டு நான் வியந்தது எனக்கே கொஞ்சம் நாணமாகிவிட்டது.

1875 செப்டம்பரில் தந்தையும் மகனும் நார்த் பெரிக்கில் பார்க் சகோதரர்களோடு ஆடிக்கொண்டிருந்தபோது, டாமியின் மனைவி பிரசவத்தில் ஆபத்தான நிலையில் இருப்பதாகத் தந்தி வந்தது. ரயிலுக்குக் காத்திராமல் படகில் கடற்கழியைக் கடந்தார்கள். அவர்கள் வீட்டை அடையும் முன்பே தாயும் சேயும் இறந்துவிட்டனர். அதே ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் டாமியும் இறந்தார். வயது 24. மறு ஆண்டு டாமின் மனைவி. பிறகு மற்ற பிள்ளைகளும் ஒருவர்பின் ஒருவராக. அனைவரையும் அடக்கம் செய்துவிட்டு டாம் மாரிஸ் மட்டும் வாழ்ந்தார்.

இதற்குள் அவர் சொந்த ஊர் திரும்பியிருந்தார். ராபர்ட்சன் 1859-இலேயே காலமாகிவிட்டார். ஆண்டுக்கு 50 பவுண்டு சம்பளத்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானக் காப்பாளர் பணியை ஏற்ற டாமுக்கு, அந்த மலிவான பந்து வேறொரு வேலை வைத்திருந்தது. பந்து விலை குறைந்ததும் ஆடுவோர் கூட்டம் பெருகிற்று. ரயிலும் வந்து சேர்ந்தது. ஒற்றையடிப் பாதைபோல் முட்புதர்களுக்கு நடுவே சென்ற மைதானம் அந்தக் கூட்டத்தைத் தாங்கவில்லை. புதர்களை வெட்டிப் பாதையை அகலமாக்கினார். நைந்த புல்தரைகளில் மணல் பரப்பி உயிரூட்டினார். முதல் குழிக்கும் கடைசிக் குழிக்கும் புதிய புல்தரைகளை உருவாக்கினார். கையிருந்த கருவிகள் தள்ளுவண்டியும் மண்வெட்டியும்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் எவரையும் ஆட விடமாட்டார். ஆட்டக்காரர்களுக்கு ஓய்வு வேண்டாமென்றாலும் நிலத்துக்கு வேண்டும் என்பது அவர் கொள்கை.

நான் தொலைக்காட்சியில் பார்த்த அகன்ற வெளி, இரு குழிகள் பகிர்ந்துகொள்ளும் பரந்த புல்தரைகள் எல்லாம் அந்தக் காலத்தின் விளைவு. அகலம் என்றால் எளிமை என்று பார்வையாளர் எண்ணுவோம். எங்கு அடித்தாலும் இடமிருக்கிறது என்பது உண்மை. ஆனால் எங்கிருந்து அடுத்த அடியை அடிப்பது என்ற கேள்வியில்தான் சிக்கலை வைத்திருக்கிறது அந்த நிலம். காற்று வீசினால் அந்தக் கேள்வி கடுமையாகும். 2022-இல் காற்று பெரிதாக வீசவில்லை.

இன்று நிலத்தைக் காப்பவர் ஒருவர், பந்தைச் செய்பவர் வேறொருவர். பந்து நீண்டு பறக்கப் பறக்க, தொடக்க மேடைகளைப் பின்னுக்கு நகர்த்துவதைத் தவிர மைதானக்காரர்களுக்கு வழி தெரியவில்லை. 2010-இல் செயின்ட் ஆண்ட்ரூஸின் பதினேழாம் குழிக்கு ஏறத்தாழ 40 கெஜம் பின்னே, மைதானத்தின் எல்லைக்கு வெளியே ஒரு மேடை அமைத்தார்கள். 2023 டிசம்பரில் விளையாட்டின் இரு தலைமை அமைப்புகளும் பந்தின் பறக்கும் தூரத்தைக் குறைக்கும் விதியை அறிவித்தன. தயாரிப்பாளர்களும் தொழில்முறை அமைப்புகள் சிலவும் அதை எதிர்த்தன. அந்த அறிவிப்பை நான் வரவேற்கிறேன். நிலம் முடிவற்று நீள முடியாது. ஆனால் எதிர்ப்பவர்களின் குரலைக் கேட்கும்போது ராபர்ட்சனின் அடுப்பு நினைவுக்கு வராமலும் இல்லை.

டாம் மாரிஸ் மூன்றாவது பந்தையும் பார்த்துவிட்டுத்தான் போனார். 1902-இல் ஹொய்லேக்கில் நடந்த ஓபனில், ரப்பர் நூல் சுற்றிய அமெரிக்கப் பந்தைக்கொண்டு வென்றவர் சாண்டி ஹெர்ட்; அவரும் செயின்ட் ஆண்ட்ரூஸ்காரர். கட்டா பெர்ச்சா பந்தின் காலம் அத்துடன் முடிந்தது. மறு ஆண்டு, 82 வயதில், டாம் காப்பாளர் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். பதினெட்டாம் குழியின் ஓரத்திலிருந்த அவருடைய மட்டைக் கடையிலிருந்து பார்த்தால் தான் உருவாக்கிய புல்தரை தெரியும். 1908 மே 24, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அருகிலிருந்த கோல்ஃப் சங்கக் கட்டடத்தின் படிக்கட்டில் தவறி விழுந்து உயிர்நீத்தார். பழைய பேராலயத்தின் மயானத்தில், டாமியின் அருகே அவரை அடக்கம் செய்தார்கள்.