வேண்டாம் என்ற போரைத் தொடங்கிவைத்த யமமோட்டோ!

பெயரே 'ஐம்பத்தாறு'னா நம்புவீங்களா? 1884-ல் ஜப்பானின் நகாவோகாவில் யமமோட்டோ பிறந்தபோது அப்பாவுக்கு வயது 56. அதையே 'இசொரோகு' என்று பெயராக வெச்சுட்டாங்க.

1905 சுஷிமா கடற்போரில் இரண்டு விரல்களை இழந்தவர், பிறகு அமெரிக்காவின் ஹார்வர்டில் படித்தார். அந்த நாட்டின் எண்ணெய் வளத்தையும் தொழிற்சாலைகளையும் நேரில் பார்த்தவருக்கு, மோதினா ரொம்ப நாள் தாங்க முடியாதுனு தெரியும். ஜெர்மனியுடனான கூட்டணியையும் எதிர்த்தார்.

ஆனால், 1941-ல் ஜப்பான் தெற்கு இந்தோசீனாவுக்குள் நுழைய, அமெரிக்கா எண்ணெயை நிறுத்தியது. போர்னு வந்தா முதல் அடியிலேயே எதிரியை முடக்கணும் என்று கூட்டுக் கடற்படைத் தளபதியான அவர் தீட்டிய திட்டம், டிசம்பர் 7 ஞாயிறு காலை பேர்ல் ஹார்பரில் அரங்கேறியது. 2,403 அமெரிக்கர்கள் பலி. ஆனா, அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல்கள் அன்று அங்கே இல்லை. எண்ணெய்க் கிடங்குகளும் தப்பின. மறுநாளே அமெரிக்கா போரில் குதித்தது.

ஆறே மாதத்தில் மிட்வேயில் ஜப்பானின் நான்கு விமானந்தாங்கிக் கப்பல்கள் மூழ்கின. 1943 ஏப்ரல் 18 அன்று, ரகசியச் செய்தியை உடைத்துப் படித்த அமெரிக்கா, யமமோட்டோவின் விமானத்தைச் சுட்டு வீழ்த்தியது.

தப்புனு மனசுக்குத் தெரிஞ்ச வேலையையும் கச்சிதமா முடிச்சுக் கொடுப்பவரா நீங்கள்? இவரை ஒருமுறை நினைச்சுப் பாருங்க!