குரங்கு கற்பனை, துறவி உண்மை!
யுவான் சுவாங் வாழ்க்கை வரலாறு

கல்லிலிருந்து பிறந்த குரங்கு ஒன்று. அது மேகத்தின் மேல் ஏறிப் பறக்கும். அதன் கையில் ஒரு மந்திரத் தடி. வேண்டாத நேரத்தில் அதை ஊசி போலச் சுருக்கிக் காதுக்குள் வைத்துக்கொள்ளும்!

இந்தக் குரங்கின் கதையைச் சீன அரசு டெலிவிஷன் 1999-ம் ஆண்டில் 52 பகுதிகள் கொண்ட கார்ட்டூன் படமாக ஒளிபரப்பியது. “மேற்கு நோக்கிய பயணம்” என்பது கதையின் பெயர். 16-ம் நூற்றாண்டில் எழுதப்பட்ட நாவல் அது.

கதையில் ஒரு துறவி வருகிறார். புத்தமத நூல்களைத் தேடி இந்தியாவுக்குப் போகிறார். பூதங்களிடம் இருந்து அவரைக் காப்பது குரங்கின் வேலை.

குரங்கு கற்பனை. ஆனால் துறவி உண்மை! அவர்தான் யுவான் சுவாங். காஞ்சீபுரத்துக்கே வந்து போனவர்.

13 வயதில் துறவி

சீனாவில் லோயாங் நகரின் அருகே, கி.பி. 602-ம் ஆண்டு வாக்கில் அவர் பிறந்தார். நான்கு ஆண் பிள்ளைகளில் அவரே கடைசி. சிறு வயதிலேயே தந்தை இறந்துபோனார். அண்ணன் ஒருவர் துறவியாக இருந்தார். தம்பி அவருடன் மடத்துக்குப் போனான். 13 வயதில் துறவிகளின் கூட்டத்தில் சேர்ந்தான்.

ஊர் ஊராகப் போய்ப் பல ஆசிரியர்களிடம் படித்தார் யுவான் சுவாங். ஒருவர் சொன்னதை மற்றவர் மறுத்தார். நூல்களின் மொழிபெயர்ப்புகளும் ஒன்றோடொன்று ஒத்துப் போகவில்லை. மூல நூல்களைப் பார்த்தால்தான் சந்தேகம் தீரும். அவை இருப்பதோ இந்தியாவில்!

நாட்டை விட்டு யாரும் வெளியே போகக் கூடாது என்று சீன அரசு அப்போது தடை விதித்திருந்தது. அவர் அனுமதி கேட்டார். கிடைக்கவில்லை. கி.பி. 629-ல் யாருக்கும் தெரியாமல் புறப்பட்டார்.

கொட்டிப்போன தண்ணீர்

எல்லையில் காவல் கோபுரங்கள் இருந்தன. இரவில் தண்ணீர் எடுக்கப் போனபோது அம்பு பாய்ந்து வந்தது. மயிரிழையில் தப்பினார். காவல் தலைவர் புத்த பக்தர். துறவியின் உறுதியைக் கண்டு, அவரைப் பிடிக்காமல் வழியனுப்பி வைத்தார்.

அதற்கு அப்பால் பாலைவனம். துணைக்கு ஆள் இல்லை. இருந்தது ஒரு கிழட்டுக் குதிரையும் ஒரு தோல்பை தண்ணீரும்தான்.

குடிப்பதற்காகப் பையைத் தூக்கினார். கை நழுவியது. தண்ணீர் முழுவதும் மணலில் கொட்டிவிட்டது!

ஒரு குடம் தண்ணீரின் அருமை கோவில்பட்டிச் சீமைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வானத்தைப் பார்த்துக் கம்பும் பருத்தியும் விதைக்கும் கரிசல் காடு அல்லவா! ஆனால் அங்கே கிணறும் இல்லை, ஊருணியும் இல்லை.

வந்த வழியே திரும்பினார். கொஞ்ச தூரம் நடந்ததும், தாம் எடுத்த சபதம் நினைவுக்கு வந்தது. இந்தியாவைக் காணாமல் கிழக்கே ஓர் அடியும் வைப்பதில்லை என்பதே அது. உடனே குதிரையை மேற்கே திருப்பினார்.

நான்கு இரவும் ஐந்து பகலும் நாக்கு நனையவில்லை. மணலில் சுருண்டு விழுந்தார். ஐந்தாம் நாள் இரவு குளிர்ந்த காற்று வீசியது. குதிரை எழுந்து தன் இஷ்டப்படி நடந்தது. அது கொண்டுபோய் நிறுத்திய இடத்தில் புல்லும் குளமும் இருந்தன!

கதையில் வரும் துறவி எதற்கெடுத்தாலும் பயப்படுவார். உண்மைத் துறவிக்குக் குரங்கின் துணையும் இல்லை, பயமும் இல்லை.

காஞ்சியில் சீனத் துறவி

பனிமலைகளைக் கடந்து இந்தியா வந்தார். நாளந்தா மடத்தில் சீலபத்திரர் என்ற பெரியவரிடம் பாடம் கேட்டார். ஆசிரியருக்கு அப்போதே நூறு வயது தாண்டிவிட்டது.

அந்த ஆசிரியருக்கும் ஓர் ஆசிரியர் உண்டு. அவர் பெயர் தருமபாலர். காஞ்சீபுரத்தில் பிறந்தவர்! அரசன் மகளை மணக்க இருந்த நேரத்தில், அதை விட்டுத் துறவியானவர் என்று யுவான் சுவாங் எழுதியிருக்கிறார்.

கி.பி. 640 வாக்கில் யுவான் சுவாங் காஞ்சிக்கு வந்தார். அது பல்லவ மன்னன் நரசிம்மவர்மன் காலம். அங்கே நூறு மடங்களும் பத்தாயிரம் புத்தத் துறவிகளும் இருந்ததாகக் குறித்தார். இலங்கைக்குக் கப்பல் ஏறுவது அவர் எண்ணம். ஆனால் இலங்கையில் இருந்து வந்த துறவிகள், அங்கே பஞ்சமும் கலகமும் நடப்பதாகச் சொன்னார்கள். பயணம் நின்றது.

காஞ்சிக்குத் தெற்கே உள்ள நாட்டைப் பற்றிக் கேள்விப்பட்டதையும் அவர் எழுதி வைத்தார். அது பாண்டிய நாடு என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். நிலம் உப்பு, விளைச்சல் குறைவு, மக்கள் வியாபாரத்தில் கெட்டிக்காரர்கள், சமணர்கள் ஏராளம் என்பது அவர் தரும் செய்தி. சமணர் வாழ்ந்ததற்குச் சாட்சி கோவில்பட்டிக்கு மேற்கே சுமார் 20 கிலோமீட்டர் தூரத்தில், கழுகுமலைப் பாறையில் இருக்கிறது. அங்குள்ள சமணச் சிற்பங்கள் அவருக்குப் பிந்திய நூற்றாண்டுகளில் செதுக்கப்பட்டவை.

ஆற்றோடு போன ஏடுகள்

கி.பி. 643-ல் ஊருக்குத் திரும்பினார். ஹர்ஷ மன்னர் யானை கொடுத்து வழியனுப்பினார். சிந்து நதியைக் கடக்கும்போது சுழல்காற்று அடித்தது. படகு ஆடியது. சுமார் ஐம்பது சுவடிகள் வெள்ளத்தில் போயின. பல ஆண்டு உழைப்பு! அவர் அழுதுகொண்டு உட்காரவில்லை. அங்கேயே தங்கி, ஆள் அனுப்பி, சில சுவடிகளைத் திரும்பவும் படி எடுத்து வரச் செய்தார்.

தடையை மீறிப் போனதற்காக அரசரிடம் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினார். அரசர் மன்னித்தார். கி.பி. 645-ல் தலைநகரம் திரண்டு வந்து அவரை வரவேற்றது. அவர் கொண்டுவந்த நூல்கள் 657!

அரசர் மந்திரி பதவி கொடுக்க முன்வந்தார். துறவி மறுத்துவிட்டார். தாம் பார்த்த நாடுகளைப் பற்றி ஒரு நூல் எழுதிக் கொடுத்தார். பிறகு மொழிபெயர்க்க உட்கார்ந்தார். 19 ஆண்டுகளில் 75 நூல்களைச் சீன மொழிக்குக் கொண்டுவந்தார்.

கடைசிக் காலத்தில் அவர் மொழிபெயர்த்த ஒரு நூல் மிகப் பெரியது. மொழிபெயர்ப்பு 600 சுருள்! சுருக்கி எழுதினால் என்ன என்று சீடர்கள் கேட்டார்கள். அவர் சம்மதிக்கவில்லை. உடல் தளர்ந்துவிட்டது. முடிப்பதற்குள் உயிர் போய்விடுமோ என்று கவலைப்பட்டார். எல்லோரையும் விரைவுபடுத்தினார். 663-ம் ஆண்டு முடிவில் வேலை முடிந்தது. ஒரு வரிகூட விடவில்லை.

சில மாதங்களில், 664-ம் ஆண்டு தொடக்கத்தில், யுவான் சுவாங் கண்ணை மூடினார்.

அவர் கொண்டுபோன மூலச் சுவடிகள் காலப்போக்கில் அழிந்தன. இந்தியாவிலும் பல நூல்களின் மூலம் மறைந்துவிட்டது. அவற்றுள் சில இன்று உலகுக்குக் கிடைப்பது, அந்தத் துறவி எழுதிய சீன மொழிபெயர்ப்பில்தான்!