மதர் ஜோன்ஸ்: ஒரு ஐரிஷ் தையற்காரம்மாவின் கதை

இந்த இதழ் உங்கள் கைபேசிக்கு வரும்போது மே தினம் நெருங்கியிருக்கும். 1923இல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடிய செய்தியை வருடாவருடம் படிக்கிறோம். அந்த மே 1ஆம் தேதியைத் தன் பிறந்தநாள் என்று கடைசிவரை சொல்லிக்கொண்ட ஒரு பெண்மணியைப் பற்றி இந்த முறை எழுதலாம் என்று தோன்றியது. உண்மையில் அவர் பிறந்தது அன்றைக்கு அல்ல. அந்த விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

அவர் பெயர் மேரி ஹாரிஸ் ஜோன்ஸ். அமெரிக்கத் தொழிலாளர்கள் அழைத்த பெயர் மதர் ஜோன்ஸ். கறுப்பு கவுன், கழுத்தில் லேஸ், தலையில் தொப்பி, வெள்ளை முடி, மூக்குக் கண்ணாடி. படத்தைப் பார்த்தால் பேரப்பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் பின்னுகிற பாட்டி என்றுதான் நினைப்பீர்கள். இவரைத்தான் 1902இல் மேற்கு வர்ஜீனியா நீதிமன்றத்தில் ஒரு அரசு வழக்கறிஞர், அமெரிக்காவிலேயே மிக ஆபத்தான பெண் என்று வர்ணித்தார்.

அயர்லாந்தின் கார்க் நகரில் அவருக்கு ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டது 1837 ஆகஸ்ட் 1ஆம் தேதி. எட்டு வயதில் பஞ்சத்தைப் பார்த்தார். 1845இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. ஏழைக் குடும்பங்களுக்கு மூன்று வேளையும் உருளைக்கிழங்குதான். ஏறக்குறைய 80 லட்சம் பேர் இருந்த நாட்டில் சில ஆண்டுகளுக்குள் சுமார் 10 லட்சம் பேர் பட்டினியிலும் நோயிலும் இறந்தார்கள். இன்னொரு 10 லட்சத்துக்கும் அதிகமானோர் கப்பலேறினார்கள். அந்த ஆண்டுகளிலும் அயர்லாந்திலிருந்து தானியம் ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தது என்பதைப் படிக்கும்போது மனம் என்னவோ செய்கிறது.

அப்படிக் கிளம்பியவர்களில் ஒரு விசேஷம் உண்டு. அந்தக் காலத்தில் மற்ற ஐரோப்பிய நாடுகளிலிருந்து அமெரிக்கா போனவர்களில் ஆண்களே அதிகம். அயர்லாந்திலிருந்து மட்டும் கல்யாணமாகாத இளம்பெண்கள் பெரும் எண்ணிக்கையில் தனியாகவே போனார்கள். பலர் பணக்கார வீடுகளில் தங்கி வேலை செய்தார்கள். விடிவதற்கு முன் அடுப்பு மூட்டவேண்டும், இரவு எந்நேரம் மணியடித்தாலும் ஓடவேண்டும். சொந்தப் பெயர்கூட அவர்களுக்கு மிஞ்சவில்லை. எந்த ஐரிஷ் வேலைக்காரப் பெண்ணும் எசமானர்களுக்கு பிரிட்ஜெட்தான். ஐரிஷ்காரர்கள் விண்ணப்பிக்க வேண்டாம் என்று போட்டே வேலை விளம்பரங்கள் வந்தன. அந்தச் சம்பளத்திலும் மிச்சம் பிடித்து ஊருக்குப் பணம் அனுப்பினார்கள். தங்கைக்கும் தம்பிக்கும் கப்பல் டிக்கெட் எடுத்தார்கள்.

மேரியின் அப்பா முதலில் போய் ரயில்பாதை வேலையில் சேர்ந்து, பிறகு குடும்பத்தைக் கனடாவின் டொரண்டோவுக்கு அழைத்துக்கொண்டார். அதனால் மேரிக்கு மற்ற பெண்களுக்குக் கிடைக்காத படிப்பு கிடைத்தது. ஆசிரியப் பயிற்சி, கூடவே தையல். அமெரிக்காவுக்கு வந்து மிச்சிகனில் கன்னிமாடப் பள்ளி ஒன்றில் பாடம் நடத்தினார். பிடிக்கவில்லை. சிகாகோவில் கொஞ்சநாள் தைத்தார். பிறகு மெம்பிஸ் நகரத்துக்குப் போய் மறுபடி ஆசிரியை வேலை. அங்கே 1861இல் ஜார்ஜ் ஜோன்ஸ் என்ற இரும்பு வார்ப்புத் தொழிலாளியை மணந்துகொண்டார். ஜார்ஜ் தொழிற்சங்கத்தில் தீவிரமாக இருந்தவர். நான்கு குழந்தைகள் பிறந்தன.

1867இல் மெம்பிஸில் மஞ்சள் காய்ச்சல் பரவியது. வசதி உள்ளவர்கள் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். போக முடியாதவர்கள் வீட்டுக்குள் கிடந்தார்கள். பள்ளியும் கோயிலும் மூடப்பட்டன. மேரியின் குழந்தைகள் ஒவ்வொன்றாக இறந்தன, நான்கும். சிறிய உடல்களை அவரே கழுவித் துணி சுற்றினார். கணவரும் போய்விட்டார். அக்கம்பக்கத்து வீடுகளிலும் இதே நிலை என்பதால் ஆறுதல் சொல்ல வருவதற்கு யாரும் இல்லை என்று தன் வரலாற்றில் எழுதுகிறார். வந்தது ஜார்ஜின் சங்கம் மட்டும். வார்ப்புத் தொழிலாளர்கள் வந்து ஜார்ஜை அடக்கம் செய்தார்கள். அதன் பிறகு மேரி செய்த காரியத்தைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு, கொள்ளைநோய் அடங்கும்வரை வீடுவீடாகப் போனார். அப்போது அவருக்கு முப்பது வயது.

இதே சங்கத்தைப் பற்றி இன்னொரு சம்பவத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அதன் கதாநாயகி வேறொரு ஐரிஷ் பெண். நியூயார்க் மாநிலத்தில் டிராய் என்ற ஊர் சட்டைக் காலருக்குப் பெயர் பெற்றது. அந்தக் காலர்களை வெந்நீரிலும் சோடாவிலும் வெளுத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி செய்த பெண்களில் பெரும்பாலோர் ஐரிஷ் குடியேறிகள். கை வெந்துபோகிற வேலை. 1864இல் கேட் முல்லனி என்ற பெண், இன்னும் இருபதுகூட ஆகாதவர், சுமார் 300 பேரைத் திரட்டி வேலைநிறுத்தம் செய்தார். ஒரு வாரத்துக்குள் முதலாளிகள் கூலியை உயர்த்தினார்கள். இரண்டு ஆண்டு கழித்து அதே ஊரின் இரும்பு வார்ப்புத் தொழிலாளர்கள் போராடியபோது, இந்தச் சலவைப் பெண்கள் தங்கள் நிதியிலிருந்து 1,000 டாலர் கொடுத்தார்கள். அன்றைய 1,000 டாலர்! மேரியும் கேட்டும் சந்தித்தார்களா என்றால், அப்படி ஒரு செய்தி எங்கும் கிடையாது. ஆனால் இருவரையும் தொட்ட கை ஒன்றுதான்.

மேரி சிகாகோவுக்குத் திரும்பித் தையற்கடை வைத்தார். ஏரிக்கரை மாளிகைகளில் உட்கார்ந்து சீமாட்டிகளுக்கு உடை தைத்துக்கொண்டே கண்ணாடிச் சன்னல் வழியாகப் பார்ப்பார். வெளியே குளிரில் வேலையில்லாத மனிதர்கள் நடுங்கிக்கொண்டு போவார்கள். உள்ளே இருப்பவர்கள் அதைக் கவனிக்கவே மாட்டார்கள். 1871 அக்டோபரில் சிகாகோ நகரமே தீப்பிடித்து எரிந்தது. கடையும் போயிற்று. குடும்பமும் இல்லை, தொழிலும் இல்லை. அதற்கடுத்த இருபது ஆண்டுகளைப் பற்றி உறுதியான தகவல் குறைவு. தொழிலாளர் கூட்டங்களில் கேட்டுக்கேட்டுப் பேசக் கற்றுக்கொண்டார் என்று வைத்துக்கொள்ளலாம். 1890களின் கடைசியில் ஐக்கிய சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் அமைப்பாளராக வெளிப்பட்டபோது அவர் அறுபது வயதைத் தொட்டிருந்தார். நம்மில் பலர் ஓய்வூதியப் படிவம் நிரப்புகிற வயது.

வயது விஷயத்துக்கு வருகிறேன். தான் பிறந்தது 1830 மே 1 என்று சொல்லி ஏழு வயதைக் கூட்டிக்கொண்டார். வயதைக் குறைத்துச் சொல்பவர்களைத்தான் நமக்குத் தெரியும்! ஆனால் அவர் கணக்கு தப்பவில்லை. கிழவியை அடிக்கத் துப்பாக்கிக்காரனும் தயங்குவான். முரட்டு சுரங்கத் தொழிலாளியும் அம்மா என்று அழைத்தால் அடங்குவான்.

அவருடைய பெரிய கண்டுபிடிப்பு, சுரங்கத்துக்குள் இறங்காத பெண்கள்தான் வேலைநிறுத்தத்தைத் தாங்கிப்பிடிக்கிறார்கள் என்பது. கம்பெனி வீடு, கம்பெனிக் கடை, கடைக் கணக்கில் கழிக்கப்படும் கூலி. அடுப்பு எரியாவிட்டால் ஆண்கள் நாலு வாரத்தில் பணிந்துவிடுவார்கள். 1899இல் பென்சில்வேனியாவின் ஆர்னாட் என்ற ஊரில் அதுதான் நடக்கவிருந்தது. மதர் ஜோன்ஸ் ஆண்களை வீட்டில் உட்கார்ந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். கருங்காலிகளைப் பெண்கள் கவனித்துக்கொள்வார்கள் என்றார். துடைப்பம், தரை துடைக்கும் மாப்பு, தகரத் தட்டு ஆகியவற்றோடு பெண்கள் கிளம்பினார்கள். தலைமைக்கு ஒரு ஐரிஷ் பெண்ணைப் பொறுக்கினார். அவசரத்தில் படுக்கையிலிருந்து எழுந்து வந்ததுபோல் சிவப்பு உள்பாவாடை, ஒரு காலில் கறுப்பு உறை, மறு காலில் வெள்ளை உறை, சீவாத தலை. அவரைப் பார்த்தாலே பயம் வரும் என்பதால்தான் தேர்ந்தெடுத்தாராம்.

சுரங்க வாசலில் தகரத்தைத் தட்டி எழுப்பிய சத்தத்தில் நிலக்கரி இழுக்கும் கோவேறு கழுதைகள் மிரண்டன. அங்கே இருந்த ஷெரிப் அந்தப் பெண்ணின் தோளைத் தொட்டு, கழுதைகளைப் பயமுறுத்தாதீர்கள் அம்மா என்று தணிவாகச் சொல்லியிருக்கிறார். பாவம், தட்டாலேயே ஒரு அடி வாங்கி ஓடையில் விழுந்தார். கழுதைகள் தொழுவத்தைப் பார்த்து ஓட, கருங்காலிகள் அவற்றின் பின்னால் ஓடினார்கள். அதற்குப் பிறகு குளிர்காலம் முழுவதும் ஒரு கையில் குழந்தை, மறு கையில் மாப்பு என்று பெண்கள் மாற்றிமாற்றிக் காவல் நின்றார்கள். 1900இன் தொடக்கத்தில் கம்பெனி இறங்கிவந்தது. இதை அவர் சொல்லியிருக்கிற அழகில் கொஞ்சம் மசாலா இருக்கலாம். தன் வரலாற்றில் தேதிகளையும் சம்பவங்களையும் மிகைப்படுத்துவார் என்று ஆய்வாளர்கள் சொல்வதுண்டு. ஆர்னாட்டில் பெண்கள் திரண்டதும் வென்றதும் உண்மை.

1903இல் பிலடெல்பியாவின் கென்சிங்டன் பகுதியில் துணி ஆலைகளில் வேலைநிறுத்தம். ஆயிரக்கணக்கான குழந்தைகளும் அதில் இருந்தார்கள். விரல் போன குழந்தைகள், கை நசுங்கிய குழந்தைகள். பத்திரிகைகள் இதை ஏன் எழுதவில்லை என்று கேட்டார். ஆலை முதலாளிகள் பத்திரிகைகளில் பங்குதாரர்கள் என்று பதில் வந்தது. அப்படியென்றால் பத்திரிகை எழுதியே தீரும்படி செய்கிறேன் என்று ஜூலை 7ஆம் தேதி பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கினார். சேருமிடம், நியூயார்க் அருகே ஆய்ஸ்டர் பே என்ற ஊரில் குடியரசுத் தலைவர் தியடோர் ரூஸ்வெல்ட்டின் கோடை வீடு. வெயிலில் ஏறக்குறைய மூன்று வாரம். வழியெல்லாம் கூட்டம், விவசாயிகள் கொடுத்த சாப்பாடு. முடியாத பிள்ளைகளை வழியிலேயே ஊருக்குத் திருப்பி அனுப்பினார். ரூஸ்வெல்ட் சந்திக்க மறுத்துவிட்டார். கென்சிங்டன் தொழிலாளர்கள் தோற்றுத்தான் வேலைக்குத் திரும்பினார்கள். ஆனால் 1905இல் பென்சில்வேனியா தன் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைக் கடுமையாக்கியது. நாடு முழுவதற்குமான சட்டம் வர 1938 ஆகிவிட்டது.

1910இல் மில்வாக்கி பீர் ஆலைகளில் பாட்டில் கழுவும் பெண்களோடு இரண்டு மாதம் இருந்தார். நாள் முழுவதும் ஈரத்தரை, நனைந்த செருப்பு, நனைந்த உடை. வாதமும் காசநோயும் அங்கே சகஜம். கூலி வாரத்துக்கு மூன்று டாலர் அளவில். மேலாளின் வாயிலிருந்து வருகிற வார்த்தைகளை அச்சில் போடமுடியாது என்று எழுதினார். அந்த எழுத்தைச் சுரங்கத் தொழிலாளர்களின் பத்திரிகையில் வெளியிட்டு, அவர்களைத் துணைக்கு அழைத்தார்.

அதே ஆண்டுகளில் பென்சில்வேனியாவின் கிரீன்ஸ்பர்க்கில் போராடிய சுரங்கத் தொழிலாளர்களின் மனைவிமார்களுக்கு 30 நாள் சிறை கிடைத்தது. கைக்குழந்தைகளையும் எடுத்துக்கொண்டு போங்கள், இரவெல்லாம் பாடுங்கள், பகலில் தூங்குங்கள் என்று யோசனை சொன்னார். பக்கத்து வீட்டார், விடுதிக்காரர்கள், ஷெரிப் யாருக்கும் ஐந்து நாள் தூக்கமில்லை. நீதிபதி அவர்களை விடுதலை செய்தார். அந்தப் பெண்களில் பலர் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள். ஆங்கிலம் சரியாக வராது. அயர்லாந்துக்காரிக்கு அது பொருட்டில்லை.

சிறை அவருக்கும் புதிதல்ல. 1913இல் மேற்கு வர்ஜீனியாவில் ராணுவ நீதிமன்றம் விசாரித்துக் காவலில் வைத்தது. 1914 ஜனவரியில் கொலராடோ மாநிலம் டிரினிடாடில் அவரை ஒரு மருத்துவமனைக்குள் அடைத்தார்கள். விடுதலை கேட்டு அந்த ஊர்ப் பெண்கள் ஊர்வலம் போனார்கள். தடுக்க வந்த படைத் தளபதி குதிரையிலிருந்து தவறி விழுந்தார். பெண்கள் சிரித்துவிட்டார்கள். அவமானம் தாங்காமல் அவர் குதிரைப்படையை ஏவ, சிலருக்கு வாள்வெட்டு விழுந்தது. மூன்று மாதம் கழித்து, ஏப்ரல் 20, லட்லோ என்ற இடத்தில் வேலைநிறுத்தக்காரர்களின் கூடார முகாமுக்குத் தீ வைக்கப்பட்டது. ஒரு கூடாரத்தின் அடியில் தோண்டியிருந்த குழியில் ஒளிந்த இரண்டு பெண்களும் 11 குழந்தைகளும் மூச்சுத்திணறி இறந்தார்கள்.

அவரிடம் எனக்கு ஒப்பாத விஷயமும் உண்டு. பெண்களுக்கு வாக்குரிமை கேட்ட இயக்கத்தை அவர் ஆதரிக்கவே இல்லை. கொலராடோ பெண்களுக்கு 1893லேயே வாக்கு இருந்தது, அதனால் லட்லோ நின்றுவிட்டதா என்பது அவர் வாதம். வாதம் கூர்மையானதுதான். வாக்கும் வேண்டும், சங்கமும் வேண்டும் என்று அவர் ஏன் சொல்லவில்லை என்பது எனக்குப் புரியவில்லை. ஆணுக்கு நியாயமான கூலி கிடைத்தால் பெண் வீட்டில் பிள்ளைகளோடு இருக்கலாம் என்பதும் அவர் எண்ணம். நான்கு பிள்ளைகளைப் புதைத்தவர் அப்படி நினைத்ததை நான் குறைசொல்ல மாட்டேன்.

1930 மே 1ஆம் தேதி, அவர் கணக்குப்படி நூறாவது பிறந்தநாளை மேரிலாந்தில் நண்பர் வீட்டில் கொண்டாடினார்கள். நவம்பர் 30ஆம் தேதி காலமானார். தனக்கென்று வீடு வைத்துக்கொள்ளாதவர் அடக்க இடத்தை மட்டும் முன்கூட்டியே கேட்டு வைத்திருந்தார். இல்லினாய் மாநிலம் மவுண்ட் ஆலிவில் உள்ள சுரங்கத் தொழிலாளர் சங்கக் கல்லறைத் தோட்டம். 1898இல் விர்டன் என்ற ஊரில் நடந்த மோதலில் உயிரிழந்த சுரங்கத் தொழிலாளர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் பக்கத்தில்தான் அவரைப் புதைத்தார்கள். ஆறு ஆண்டு கழித்து, பொருளாதார மந்தத்தில் தாங்களே திண்டாடிக்கொண்டிருந்த சுரங்கத் தொழிலாளர்கள் காசு சேர்த்து அங்கே ஒரு கருங்கல் நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். அதன் இருபுறமும் இரண்டு வெண்கலத் தொழிலாளிகள் நிற்கிறார்கள்.