கரகரப்பில் மலர்ந்த தாளம்
இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்)

குறையில்லாத கருவி கிடைத்தால்தான் நிறைவான கலை பிறக்கும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அந்த எண்ணம் தவறென்று தம் முப்பத்திரண்டு ஆண்டு வாழ்வில் மெய்ப்பித்துச் சென்றவர், ஜே டில்லா என்னும் அமெரிக்க இசைக் கலைஞர்.

1974ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள், மோட்டார் கார்த் தொழிலுக்குப் பெயர்போன டெட்ராய்ட் நகரில் அவர் பிறந்தார். இயற்பெயர் ஜேம்ஸ் டெவிட் யான்சி. தந்தை ஜாஸ் இசைக் கலைஞர். தாயார் மொரீன் ஆப்பரா இசை பயின்றவர். சாதாரண டேப் ரெக்கார்டரை வைத்துக்கொண்டே ஜேம்ஸ் தாளம் அமைக்கத் தொடங்கினார்.

ஹிப்-ஹாப் இசையின் தாளம் பெரும்பாலும் பழைய இசைத்தட்டுகளிலிருந்து எடுக்கப்படுவது. தட்டில் உள்ள ஒரு டிரம் அடியைச் சாம்ப்ளர் என்னும் கருவி எண்களாக மாற்றி நினைவில் வைத்துக்கொள்ளும். பொத்தானைத் தட்டினால் அந்த அடி மீண்டும் ஒலிக்கும். 1992இல் ஆம்ப் ஃபிட்லர் என்ற மூத்த கலைஞர், தம் அகாய் எம்.பி.சி. கருவியை இளைஞர் ஜேம்ஸுக்குப் பழகக் கொடுத்தார். விலையுயர்ந்த கருவியை அனுபவமில்லாத கையில் கொடுக்க எத்தனை பேருக்கு மனம் வரும்! விரைவிலேயே அது அவர் வசமாயிற்று.

இவ்விடத்தில் அக்காலக் கருவிகளைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம். 1987இல் ஈ-மு நிறுவனம் வெளியிட்ட எஸ்.பி.1200 ஒரு 12 பிட் கருவி. ஒலியலையின் உயரத்தை அது 4,096 படிகளில்தான் அளக்கும். அதுவும் நொடிக்கு ஏறத்தாழ 26,000 முறை மட்டுமே. மொத்த நினைவோ சுமார் 10 நொடி! இடம் போதாததால், 33 சுற்று இசைத்தட்டை 45 சுற்று வேகத்தில் ஓட்டிப் பதிவு செய்து, பின்பு கருவியில் மெதுவாக்கினார்கள். அப்போது வழவழப்பான அலை படிக்கட்டுப் போல் உடைந்து, டிரம் ஓசையில் ஒரு கரகரப்பு ஏறியது. குறையே சுவையாயிற்று. 1988இல் வந்த எம்.பி.சி.60உம் 12 பிட்தான். ஆனால் நொடிக்கு 40,000 முறை அளந்தது. 1994இல் வந்த எம்.பி.சி.3000 ஒரு 16 பிட் கருவி. 65,536 படிகள், நொடிக்கு 44,100 அளவுகள். அதன் ஒலி தெளிந்த நீர் போன்றது.

டில்லா எஸ்.பி.1200ஐயும் கையாண்டார். எனினும், அவர் பெயரோடு நிலைத்துவிட்டது எம்.பி.சி.3000தான். தெளிவான கருவியில் கரகரப்பு எங்கிருந்து வந்தது? பழைய இசைத்தட்டின் தூசியும் இரைச்சலும் டிரம் அடியோடு சேர்ந்தே வந்தன. இன்னொன்றும் உண்டு. தாளம் பிசகினால் சரிசெய்யும் வசதி அக்கருவியில் இருந்தது. டில்லா அதற்கு முழுதும் அடங்கவில்லை. ஓர் அடியைச் சற்று முந்தவிட்டார். மற்றொன்றைச் சற்றுப் பிந்தவிட்டார். இயந்திரத்தின் தாளத்தில் மனிதனின் நடை வந்து சேர்ந்தது.

1994இல் கியூ-டிப் என்ற புகழ்பெற்ற கலைஞரின் அறிமுகம் கிடைத்தது. 1995இல் ஃபார்சைட் குழுவுக்கும், 1996இல் எ டிரைப் கால்டு குவெஸ்ட், டி லா சோல் குழுக்களுக்கும் இசை அமைத்தார். ஸ்லம் வில்லேஜ் என்னும் தம் நண்பர் குழுவிலும் விளங்கினார்.

ஆனால் காலன் விரைந்துவிட்டான். அரிய இரத்த நோயும் லூபஸ் நோயும் அவரை உருக்கின. தாயார் உடனிருந்து பேணினார். 2005இன் இறுதியில் சக்கர நாற்காலியில் அமர்ந்தே ஐரோப்பாவில் நிகழ்ச்சி நடத்தினார். 2006 பிப்ரவரி 7இல், தம் பிறந்தநாளன்றே, டோனட்ஸ் என்ற இசைத்தொகுப்பு வெளிவரக் கண்டார். மூன்றாம் நாள் மறைந்தார். தாயார் கொடையாக அளித்த அவருடைய எம்.பி.சி.3000, வாஷிங்டன் நகரில் 2016இல் திறக்கப்பட்ட ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது.

பழைய சாம்ப்ளர்களில் எதை வாங்கினால் அந்தக் கரகரப்பு வரும் என்று கேட்போர் பலர். 12 பிட் கருவி ஓசையைத் தரும்; ஆனால் எதை எடுப்பது, எங்கே பிந்துவது என்பதைச் செவிதான் சொல்ல வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். நல்ல கருவி இல்லையே என்று ஏங்கிய நாள்கள் எனக்கும் உண்டு. டில்லாவின் வாழ்வைப் படித்தபின் அந்த ஏக்கம் குறைந்தது. மாணவ நண்பர்களே! கையில் இருப்பதை முழுமையாக அறிவோம். பின்னால் வரும் இளையவர் கேட்டால், ஃபிட்லரைப் போல் தயங்காமல் கொடுப்போம்.