ஜே.பி.யின் கடைசி நான்கு ஆண்டுகள்

ஆர்.கே.புரத்திலிருந்து ரிங் ரோடு வழியாக எய்ம்ஸ் பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள், விபத்துச் சிகிச்சை மையத்தின் பெயர்ப் பலகையைத் தினந்தோறும் பார்க்கிறார்கள். அதில் உள்ள பெயர் ஜெயப்பிரகாஷ் நாராயண். டில்லி கேட் அருகே, முன்பு இர்வின் ஆஸ்பத்திரி என்று வழங்கிய பெரிய மருத்துவமனைக்கும் லோக் நாயக் என்ற அவருடைய பட்டப் பெயரே சூட்டப்பட்டிருக்கிறது. தலைவர்களின் பெயரை ஆஸ்பத்திரிகளுக்கு வைப்பது நம் நாட்டில் வழக்கம்தான். ஆனால் ஜே.பி.யின் விஷயத்தில் அதற்குத் தனிப் பொருத்தம் உண்டு. அவருடைய கடைசி நான்கு ஆண்டுகள் ஓர் இயந்திரத்தை நம்பிக் கழிந்தவை. அந்த இயந்திரத்துக்கும் உடம்புக்கும் இடையே இரத்தம் போய்வர ஒரு வழி இருந்தால்தான் அந்த வாழ்வு சாத்தியம்.

பிகாரில் சிதாப்தியாரா என்ற கிராமத்தில் 1902 அக்டோபர் 11-ம் தேதி பிறந்தவர் ஜே.பி. 1920-ல் பிரபாவதி அம்மையாரை மணந்தார். 1922-ல் மேல்படிப்புக்காக அமெரிக்கா சென்றார். வீட்டிலிருந்து பணம் வரும் என்று காத்திருக்கும் வசதி அவருக்கு இல்லை. பழத்தோட்டங்களிலும் தொழிற்சாலைகளிலும் கூலி வேலை பார்த்தார். உணவு விடுதிகளில் தட்டுக் கழுவினார். ஊரை விட்டு வந்து பிழைக்கும் கஷ்டம் இன்னதென்று அவர் நூல்களில் படித்து அறிந்தவரல்லர்.

1929-ல் தாயகம் திரும்பிக் காங்கிரஸில் சேர்ந்தார். 1932-ல் போலீசார் அவரைக் கைது செய்த இடம் நமது சென்னைப் பட்டணம். நாசிக் சிறையில் அடைக்கப்பட்ட அவர், அங்கே கண்ட நண்பர்களோடு சேர்ந்து 1934-ல் காங்கிரஸ் சோஷலிஸ்ட் கட்சியை உருவாக்கினார். 1942 நவம்பரில், தீபாவளி இரவன்று, வேட்டிகளை முடிந்து கயிறாக்கி, ஐந்து தோழர்களுடன் ஹஜாரிபாக் சிறைச் சுவரைத் தாண்டித் தப்பிய கதையை நாடே பேசியது. சுதந்திரத்துக்குப் பின் பதவி எதையும் நாடவில்லை. 1947 முதல் 1953 வரை அகில இந்திய ரயில்வே ஊழியர் சம்மேளனத்தின் தலைவராக இருந்தார். பிறகு வினோபாவின் பூதான இயக்கத்துக்குத் தம் வாழ்வையே தானமாகக் கொடுத்தார். 1972-ல் சம்பல் பள்ளத்தாக்குக் கொள்ளைக்காரர்கள் அவரை நம்பி ஆயுதங்களைக் கீழே வைத்தார்கள். அடுத்த ஆண்டு பிரபாவதி அம்மையார் புற்றுநோயால் மறைந்தார்.

ஓய்வெடுக்க வேண்டிய வயதில் பிகார் மாணவர்கள் அவரை அழைத்தார்கள். 1974-ல் ஊழலையும் விலைவாசியையும் எதிர்த்து அவர் தலைமையில் எழுந்த இயக்கம் டில்லியை உலுக்கியது. 1975 ஜூன் 25-ம் தேதி மாலை ராம்லீலா மைதானத்தில் பேசினார். அன்றிரவே நெருக்கடி நிலை பிறப்பிக்கப்பட்டது. விடிவதற்குள் காந்தி அமைதி நிறுவனத்தில் தூங்கிக் கொண்டிருந்த ஜே.பி.யை எழுப்பிக் கைது செய்தார்கள்.

செயலிழந்த சிறுநீரகங்கள்

ஜூலை மாதத்திலிருந்து சண்டிகர் மருத்துவ நிலையத்தில் அவர் தனிமைக் காவலில் வைக்கப்பட்டார். நாளுக்கு நாள் உடல் தளர்ந்தது. நிலைமை மோசமானதும் நவம்பர் 12-ம் தேதி பரோலில் விடுதலை செய்தார்கள். முதலில் டில்லியில் எய்ம்ஸ். பிறகு பம்பாயில் ஜஸ்லோக் ஆஸ்பத்திரி. இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன என்பது அங்கே உறுதியாயிற்று. இனி உயிருள்ள வரை டயாலிசிஸ்தான் என்று ஆயிற்று. அப்போது அவருக்கு வயது 73. ஜஸ்லோக்கில் அவருக்குச் சிகிச்சை அளித்த சிறுநீரக நிபுணர், பின்னாளில் சென்னை அப்பல்லோவில் பணியாற்றிய டாக்டர் எம்.கே.மணி என்பது தமிழர்களாகிய நாம் நினைவில் கொள்ள வேண்டிய செய்தி.

டயாலிசிஸ் என்றால் என்ன? சிறுநீரகம் செய்யும் வடிகட்டும் வேலையை வெளியே ஓர் இயந்திரம் செய்வது. உடம்பிலிருந்து இரத்தத்தை எடுத்து, கழிவு நீக்கி, திரும்ப உள்ளே அனுப்ப வேண்டும். ஒவ்வொரு தடவையும் சுமார் நான்கு மணி நேரம்; வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை. இதில் இயந்திரத்தைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. அவ்வளவு இரத்தத்தை வேகமாக எடுக்கவும் விடவும் வழி எங்கே?

1943-ல் ஹாலந்து நாட்டு டாக்டர் வில்லம் கோல்ஃப் செயற்கைச் சிறுநீரகத்தைச் செய்து காட்டினார். ஆனால் ஒவ்வொரு சிகிச்சைக்கும் புதிதாக ஓர் இரத்தக் குழாயைத் திறந்தாக வேண்டும். சில தடவைகளில் திறக்கக் குழாய் மிஞ்சாது. இயந்திரம் பக்கத்தில் இருந்தும் நோயாளி இறந்து போவார். 1960-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் டாக்டர் பெல்டிங் ஸ்க்ரிப்னர் இந்த முடிச்சை அவிழ்த்தார். இரத்தம் எளிதில் ஒட்டாத டெஃப்லான் குழாய்களில் ஒன்றைத் தமனியிலும் மற்றொன்றைச் சிரையிலும் பொருத்தி, வெளியே வளைவான இணைப்பால் சேர்த்துக் கையிலேயே விட்டுவிட்டார். சிகிச்சை நேரத்தில் இணைப்பை எடுத்து இயந்திரத்தில் மாட்டலாம். முடிந்ததும் திரும்பச் சேர்க்கலாம். ஷன்ட் என்று இதற்குப் பெயர். முதன்முதலில் இதைப் பொருத்திக்கொண்ட கிளைட் ஷீல்ட்ஸ் என்பவர் அதன் பின் 11 ஆண்டுகள் உயிர் வாழ்ந்தார்.

ஷன்டிலும் குறை உண்டு. குழாய் தோலுக்கு வெளியே இருப்பதால் சீழ் பிடிக்கும். இரத்தம் உறைந்து அடைக்கும். 1966-ல் நியூயார்க்கில் பிரெஷியா, சிமினோ முதலிய டாக்டர்கள் இதைவிடச் சிறந்த முறையை வெளியிட்டார்கள். மணிக்கட்டுக்கு அருகே தமனியையும் சிரையையும் தோலுக்கு உள்ளேயே இணைத்துத் தைத்துவிடுவது. தமனியின் வேகமான இரத்தம் பாய்ந்து சிரை நாளடைவில் தடித்துப் பெருக்கும். அதில் ஊசி குத்திக்கொள்ளலாம். ஃபிஸ்டுலா எனப்படும் இதுவே இன்றும் முதல் தரமான வழியாகக் கருதப்படுகிறது.

இயந்திரத்தோடு ஒரு போராட்டம்

ஜே.பி. நோயுற்ற காலத்தில் இவ்வளவும் வந்துவிட்டன. பத்துப் பதினைந்து ஆண்டுகள் முன்னதாக அவர் நோயுற்றிருந்தால் 1975-ஐத் தாண்டியது போல் தாண்டியிருக்க முடியாது. அவருக்கு ஓர் இயந்திரம் வாங்க மக்கள் சிறு சிறு தொகையாகப் பணம் திரட்டினார்கள். பிரதமர் நிவாரண நிதியிலிருந்து வந்த தொகையை மட்டும் ஜே.பி. ஏற்க மறுத்துவிட்டார். தம்மைச் சிறையில் வைத்தவர்கள் கையால் உயிர்ப்பிச்சை பெற அவர் மனம் இடம் தரவில்லை போலும்.

டயாலிசிஸ் இல்லாத நாட்கள்தான் அவருக்கு வேலை நாட்கள். அந்த நாட்களில்தான் சிதறிக் கிடந்த எதிர்க்கட்சிகளை ஒன்றுசேர்த்தார். 1977 பிப்ரவரியில் ராம்லீலா மைதானத்தில் கூட்டம். அன்று மாலை தொலைக்காட்சியில் பாபி படம் காட்டினார்கள். ஆனாலும் மைதானம் நிரம்பி வழிந்தது. மார்ச்சில் ஆட்சி மாறியது. 24-ம் தேதி ராஜ்காட்டில் புதிய எம்.பி.க்கள் அவர் முன்னிலையில் உறுதிமொழி எடுத்தார்கள். அந்த ஆண்டே சிகிச்சைக்காக அவர் சியாட்டில் நகருக்குச் சென்று வந்தார். ஷன்ட் பிறந்த ஊர் அது. 55 ஆண்டுகளுக்கு முன் கூலி வேலை பார்த்துப் படித்த அதே நாட்டுக்கு, இம்முறை நோயாளியாகப் போனார்.

1979 மார்ச்சில் அவர் இறந்துவிட்டதாகத் தவறான செய்தி பரவி, நாடாளுமன்றத்திலேயே இரங்கல் தெரிவித்துச் சபையை ஒத்திவைத்துவிட்டார்கள். ஜே.பி.யோ பம்பாய் ஆஸ்பத்திரியில் உயிரோடு இருந்தார். அக்டோபர் 8-ம் தேதி பாட்னாவில் தம் இல்லத்தில் காலமானார். 77-வது பிறந்த நாளுக்கு மூன்று நாட்கள்தான் இருந்தன. தாம் உண்டாக்கிய அரசு உட்பூசலால் கவிழ்ந்ததைக் கண்ட வருத்தத்தோடுதான் போனார். 1999-ல் பாரத ரத்னா விருது அவர் மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது.

நமக்கு உள்ள பாடம்

இன்று டயாலிசிஸ் பெரிய மனிதர்களுக்கு மட்டும் உரியதல்ல. 2016-ல் அறிவிக்கப்பட்ட தேசியத் திட்டத்தின்கீழ் ஏழைகளுக்கு மாவட்ட ஆஸ்பத்திரிகளில் இலவசமாகச் செய்யப்படுகிறது. நம் குடியிருப்புகளிலும் சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் இல்லாத வீடு குறைவு. சிறுநீரகம் கெடுவதற்கு இவ்விரண்டும் முக்கியக் காரணங்கள். சிறுநீரகம் தளர்கிறது என்று டாக்டர் சொன்னதும் பலர் பயந்து, ஃபிஸ்டுலா அறுவையைத் தள்ளிப் போடுகிறார்கள். அது பக்குவப்பட ஒன்றரை மாதம் முதல் மூன்று மாதம் ஆகலாம். கடைசி நேரத்தில் ஓடினால் கழுத்தில் குழாய் போடுவதைத் தவிர வேறு வழி இராது. அதில் கிருமி தொற்றும் அபாயம் அதிகம்.

எனவே இந்த நோய் உள்ளவர்கள் எழுதாத கையை இப்போதிலிருந்தே காக்க வேண்டும். அந்த முன்கையில் ஊசி போடவோ இரத்தம் எடுக்கவோ அனுமதிக்கக் கூடாது. ஃபிஸ்டுலா வைத்த பின் அந்தக் கையில் இரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது. இறுக்கமான கடிகாரமும் வளையலும் ஆகாது. மார்க்கெட்டிலிருந்து பாரமான பையை அந்தக் கையில் தூக்கி வரக் கூடாது. அதைத் தலைக்கு வைத்துப் படுக்கவும் கூடாது. தினமும் காலையில் விரலை வைத்துப் பார்த்தால் கிர்ரென்று ஓர் அதிர்வு தெரியும். அது நின்றிருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நாளை என்று தள்ளினால் குழாய் அடைத்தே போகலாம்.

சிறுநீரகம் போய்விட்டது என்றால் எல்லாம் போய்விட்டது என்று நினைப்பவர்கள் ஜே.பி.யை நினைத்துக்கொள்ள வேண்டும். இரண்டும் போன பிறகுதான் அவர் ஓர் ஆட்சியை மாற்றினார்.